நாலு டிரம்மும் ஒரு சல்யூட்டும்

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்றைக்கு மூன்று லேத் பட்டறைகள் என் பெயரில் ஓடுகின்றன. யாரும் கைதூக்கி விடவில்லை, எல்லாம் நானே பார்த்துக்கொண்டது. இதை எந்தச் சபையிலும் மார்தட்டிச் சொல்வேன். ஒன்றைத் தவிர. என் கல்யாணத்துக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் தாத்தா. அதுவும் கப்பலில்.

தாத்தா வெள்ளைக்காரன் காலத்திலேயே கடற்படையில் சேர்ந்தவர். கப்பலின் அடிவயிற்றில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. ஓய்வு பெற்றதும் அம்பத்தூருக்கு வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் கடல் கிடையாது, இருக்கிற பெரிய தண்ணீர் ஏரிதான். அதனால் தெருவே அவரைக் 'கப்பல்' என்று கேலியாகக் கூப்பிட்டது. அவருக்கு அதில் கோபமே கிடையாது. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தாலும் மூன்று சொம்பில் குளித்து முடிப்பார். கப்பலில் நல்ல தண்ணீர் அவ்வளவுதான் கொடுப்பார்களாம். விடிந்ததும் மொட்டைமாடியைத் தேய்த்துக் கழுவுவார். கடைசிப் படியில் நின்று ஒரு சல்யூட் அடிக்காமல் மாடியில் கால் வைக்க மாட்டார். கப்பலில் ஏறுகிறவன் சல்யூட் அடித்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது அவர் சட்டம். வடாம் காயவைக்கப் போகிற அம்மாகூட ஒரு கையைத் தூக்கிவிட்டுத்தான் போவார்.

என் கல்யாணம் ஐப்பசியில். முந்தின நாள் மாலை நடக்க வேண்டிய மாப்பிள்ளை அழைப்பு மழையில் நின்றுபோனது. எங்கள் வீட்டுப் பெண்கள் மட்டும் எப்படியோ மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். காலையில் வந்து அழைத்துக்கொள்கிறோம் என்று பெண் வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். காலையில் கதவைத் திறந்தால் ஏரி வழிந்து தெருவில் மார்பளவு தண்ணீர். ஏழரைக்குள் தாலி கட்டியாக வேண்டும். மண்டபம் இரண்டு தெரு தள்ளி, மேட்டில். நடந்தே போகலாம் என்றால், சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட பள்ளங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒருவருக்கும் தெரியாது. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

தாத்தா முகத்தில் மட்டும் பண்டிகை. அப்போது வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு லேத் போட்டு சொந்தத் தொழில் தொடங்கியிருந்தேன். அங்கே கிடந்த நான்கு காலி ஆயில் டிரம்களை உருட்டி வரச் சொன்னார். கொல்லைக் கதவைக் கழற்றி மேலே போட்டார். அரை மணியில் கயிறு கட்டி முடித்துவிட்டார். நூலளவு பிசகாமல் கடைசல் பிடிக்கிற எனக்கே அந்த முடிச்சு இன்றுவரை பிடிபடவில்லை.

பட்டு வேட்டியோடு முதலில் நான் சல்யூட் அடித்து ஏறினேன். அடுத்து அப்பா. என் தோழன் வலது கையில் குடை இருந்ததால் இடது கையால் அடித்தான். தாத்தா அவனை இறக்கிவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் பெண்ணின் தாய்மாமன் வந்து சேர்ந்தார். ஆவடிக்காரர், பட்டாளத்திலிருந்து வந்தவர். எனக்குப் போட வேண்டிய மாலையை வலது கையில் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, கழியால் பள்ளம் பார்த்துப் பார்த்து வந்திருக்கிறார். அப்படியும் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததில் மீசையெல்லாம் சேறு. அவர் மாலை போட்டு அழைக்காமல் நான் மணையில் உட்கார முடியாது. ஏறப் போனவரைத் தாத்தா, கப்பல் தள்ள எடுத்து வைத்திருந்த கழியை நீட்டித் தடுத்தார். சட்டத்தைச் சொன்னார்.

"இன்னா பெரியவரே, நாலு டிரம்மு, ஒரு கதவு. இதுக்கு நான் சல்யூட் அடிக்கணுமா?"

"தரைல கீற வரிக்கும்தான் நைனா டிரம்மு. தண்ணில எறங்கிட்டா கப்பலு."

"பதினெட்டு வருசம் பட்டாளத்துல இருந்துகீறேன். ஆபீசருக்கும் கொடிக்கும்தான் இந்தக் கை எழும்பும்."

"அப்ப நடந்தே வா."

மாமனுக்கு முகம் சிவந்துவிட்டது. மாலையோடு இப்படியே திரும்பிவிடுகிறேன், கல்யாணம் எப்படி நடக்கிறது பார்க்கலாம் என்றார். அப்பா இரண்டு பக்கமும் கெஞ்சினார். மணி ஏழாகப் போகிறது. ஊரையே அதட்டி வேலை வாங்குகிற நான், கதவின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமன் திரும்பி இரண்டடி வைத்துவிட்டார். தாத்தா அவரை ஒரு குரல் கூப்பிட்டார். பட்டாளத்துக்காரர்களைத் தரையில் போகிறவர்கள் என்று இளக்காரம் பேசுகிற மனுஷன், ஆடுகிற கதவின் மேல் குதிகாலைச் சேர்த்து, முதுகை நிமிர்த்தி, அந்தப் பட்டாளத்துக்காரருக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

பதினெட்டு வருஷப் பழக்கம் மனுஷனைக் கேட்டுக்கொண்டா வரும்? மாமனின் வலது கை தானாக நெற்றிக்குப் போனது. கையிலிருந்த மாலை சரிந்து தோளில் வந்து தொங்கியது.

"ஆச்சு. ஏறு நைனா."

மாமன் தன் கையையே ஒரு தரம் பார்த்தார். அப்புறம் அந்தச் சேற்று மீசைக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பியது. நாங்கள் சிரித்த சிரிப்பில் கப்பல் கவிழப் பார்த்தது. மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். தாத்தா முன்னால் நின்று கழி ஊன்றினார். மொட்டைமாடிகளில் நின்ற ஜனமெல்லாம் கை தட்டியது. ஏழு இருபதுக்குத் தாலி கட்டினேன்.

பந்தியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலை.

"மொதல்ல சல்யூட் வச்சது நீங்கதான். அப்ப யாரு பெரியவன்?" என்றார் மாமன்.

தாத்தா பாயசத்தை வழித்துக்கொண்டே கேட்டார்: "யாரு கப்பல்ல யாரு ஏறினது?"

அந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை. மாமன் வீட்டுக்கு வந்தால் சைக்கிளை நிறுத்திவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசல் கேட்டுக்கு வெளியே நிற்பார். தாத்தாவும் கையைக் கட்டிக்கொண்டு உள்ளே நிற்பார். யார் கை முதலில் எழும்பும் என்று இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே ஊர்க் கதை பேசுவார்கள். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதுமே என் மனைவி காபியைக் கேட்டுக்கே கொண்டுபோய்விடுவாள். டம்ளரை இரண்டு பேரும் வலது கையில்தான் வாங்குவார்கள். காபி தீர்ந்த பிறகும் கீழே வைக்க மாட்டார்கள். கை காலியாக இருந்தால் ஆபத்து.