சட்டையில் குத்திய பச்சை நட்சத்திரம்

1887 ஜூலை 26 அன்று, வார்சாவில் ஒரு கண் மருத்துவர் உலகம் முழுமைக்கும் பொதுவாகத் தாம் உருவாக்கிய மொழியை வெளியிட்டார். அதுவே எஸ்பெராண்டோ.

1984இல் அதைத் தபால் வழியாகக் கற்றேன். அதில் எவரிடமும் வாய்திறந்து பேசியதில்லை. அம்மொழியினர் ஒருவரையொருவர் அடையாளம் காண அணியும் பச்சை நட்சத்திரத்தை மட்டும் நாள்தோறும் சட்டையில் குத்திக்கொள்கிறேன்.

இன்று காலை போடி ஜீப் நிலையத்தில் ஓட்டுநர் முருகன் வழக்கம்போலச் சீண்டினார்.

"இது என்ன கட்சிங்கய்யா? இம்புட்டு வருசத்துல ரெண்டாவது ஆளே சேரலையே!"

அங்கு நின்றிருந்த வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் நட்சத்திரத்தைக் கண்டு அருகில் வந்தார். போடிமெட்டுக்கு எந்த ஜீப் போகும் என்று எஸ்பெராண்டோவில் கேட்டார்.

நாற்பதாண்டுகளாக நான் கற்றது பேச்சாகுமா என்பதே எனக்குத் தெரியாது. முருகனின் ஜீப்பைக் காட்டி அம்மொழியிலேயே பதில் சொன்னேன். அவர் புன்னகைத்து, நான் சொன்ன ஜீப்பிலேயே ஏறினார்.

"அட, நெசமாவே பாஷைதான்! வெரசா ஏறுங்கய்யா, பேசிக்கிட்டே போவோம்" என்றார் முருகன்.

போடிமெட்டு மலைப்பாதையின் பதினேழு வளைவுகளிலும் பேசினோம். மருத்துவருக்கும் பெண்மணிக்கும் முருகனுக்கும் என் மனமார்ந்த நன்றி.

காலை 6.40க்குப் பால் வாங்கப் புறப்பட்டவன், பகல் 1.20க்கு வீடு திரும்பினேன். மனைவிக்கு எந்த மொழியில் விளக்கம் சொல்லலாம் என்பதை நண்பர்கள் தெரிவிக்கவும்.