இரண்டு முறை உப்பேறிய வான்கோழி

விருந்துக்கூடத்தின் சமையலறையில் முழு வான்கோழிக்கு மசாலா தடவுவது என் அத்தையின் வேலை. தோலைக் கிழிக்காமல் விரலை உள்ளே விட்டு, மார்புக்கறியின் மேல் உப்பைத் தேய்த்து, ஒரு ராத்திரி குளிரில் வைப்பாள். படிக்காத எங்கள் குடும்பத்தில் ‘அவங்க கைப்பக்குவம்’ என்று ஊரார் பேசியது அவளைப் பற்றி மட்டும்தான்.

போன மழைக்காலத்துக் காய்ச்சல் அவள் நாக்கைக் கொன்றுவிட்டுப் போனது. மிளகின் எரிச்சல் தெரியும். உப்பு, புளிப்பு, வாசனை எதுவும் தெரியாது. மாமாவிடம்கூட மூச்சு விடவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். மாமா சாப்பிடும்போது எத்தனை முறை தண்ணீர் குடிக்கிறார் என்று பார்த்துத்தான் வீட்டுக் குழம்பின் உப்பைத் தெரிந்துகொள்வாள். சமையலறையில் கையளவே கதி.

அன்று மாலை பெரிய விருந்து. முந்தைய நாளே உப்புத் தேய்த்து வைத்திருந்த பறவையை அத்தை காலையில் வெளியே எடுத்தாள். காய் நறுக்குகிற பையன் மொட்டை, குப்பையில் கிடந்த அதன் உறையை எட்டிப் பார்த்தான்.

“என்னக்கா, பண்ணைக் கோழி இல்லையா? பாக்கெட்டா? அதெல்லாம் உப்புத்தண்ணில ஊறிட்டுத்தானே வரும்!”

அத்தை கத்தியை எடுத்தாள். தொடையோரம் ஒரு துண்டை அரிந்து, சட்டியில் வாட்டி வாயில் போட்டாள். துணியை மெல்லுவது போலிருந்தது. இன்னொரு துண்டு. அதுவும் அப்படியே.

மூன்றாவது துண்டை மொட்டையிடம் நீட்டினாள். “இந்தா, எப்படி இருக்கு?”

அவன் மென்றான். “சூப்பர்க்கா! உங்க கைய அடிச்சுக்க ஆளே இல்ல.”

“உப்பு?”

“நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்.”

“டேய், ஐஸ் வைக்காதடா. நெஜத்தச் சொல்லு.”

“சொன்னா திட்டுவீங்க.”

அத்தை அவன் முழங்கையைப் பிடித்தாள். “எனக்கு நாக்கு செத்துப்போச்சுடா. காய்ச்சலோட போச்சு. உன் கால்ல வேணா விழறேன், சொல்லுடா.”

மொட்டை மிச்சத்தைக் குப்பையில் துப்பினான். “வாய்ல வைக்க முடியலக்கா. கடலக் குடிச்ச மாதிரி இருக்கு.”

இருவரும் பறவையைப் பெரிய அண்டாவில் முக்கினார்கள். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு துண்டை வாட்டி அவன் மெல்ல, அத்தை அவன் முகத்தையே பார்த்தாள். மதியம் தாண்டித்தான் “இப்பப் பரவால்ல” என்றான். துடைத்து, மின்விசிறியில் உலர்த்தி, உப்பில்லாத வெண்ணெயில் மிளகும் பூண்டும் எலுமிச்சைத் தோலும் குழைத்துத் தடவி ஓவனுக்குள் வைத்தார்கள்.

மாலையில் தோல் பொன்னாக முறுகி வந்தது. முதலாளி அத்தையைக் கூடத்துக்கே வரவழைத்து, விருந்தாளிகள் முன்னால் முதல் துண்டை அவள் கையில் கொடுத்தார்.

“நீங்களே சாப்பிட்டுச் சொல்லுங்க.”

அத்தை மென்றாள். மொட்டை உள்ளே இருந்தான். அத்தனை கண்களும் அவள் வாயில்.

“எனக்குத் தெரியல சார். மொட்டையத்தான் கேக்கணும்.”

கூடமே சிரித்தது. “எவ்வளவு அடக்கம் பாருங்க!” என்று யாரோ கை தட்டினார்கள். தட்டுகள் நீண்டன. எல்லோரும் ரசித்துத் தின்றார்கள். அத்தை அப்படியே நழுவியிருக்கலாம். ஆனால் அன்று பட்ட பாடு நாளையும் படவேண்டும், மறுநாளும் படவேண்டும். அதற்கு அவளிடம் தெம்பில்லை.

“நெஜமாத்தான் சார்,” என்றாள் முதலாளியின் காதருகே. “ருசியே தெரியல. மாசக்கணக்கா.”

அவர் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துபோனது. தின்றுகொண்டிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். “நாளைக்கு வர வேணாம்மா. நானே கூப்பிடறேன்.”

“என்னக்கா சொன்னாரு?” என்றான் மொட்டை, அவள் சமையலறைக்குள் வந்ததும்.

“கூப்பிடறேன்னாரு.”

அத்தையின் ஏப்ரன் முடிச்சு ஈரத்தில் இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவன்தான் அவிழ்த்துவிட்டான்.

இதை நான் எழுதும் வரை அந்த அழைப்பு வரவில்லை. போன் அடித்தால் மாமா எடுப்பதில்லை. அத்தைதான் ஈரக்கையோடு ஓடி வருகிறாள்.