ஆறு பத்துக்கு ஒரு மிஸ்டு கால்

தினமும் காலை ஆறு பத்துக்கு அப்பா மிஸ்டு கால் கொடுப்பார். இரண்டு ரிங்கில் நின்றுவிடும். பதிலுக்கு நான் ஒரு ரிங் கொடுத்து நிறுத்துவேன். எழுந்துவிட்டேன் என்று அவர் சொல்வதும், நானும்தான் என்று நான் சொல்வதும் அவ்வளவில் முடியும்.

அவர் பொன்முடி எஸ்டேட்டில் வாட்ச்மேன். நான் திருவனந்தபுரத்தில், கரமனையில் வீடு எடுத்து ஆபீஸ் வேலைக்குப் போகிறவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள். எண் வாசிக்கத் தெரியாத அப்பாவுக்காக, இரண்டாம் பொத்தானை அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும்படி செய்து கொடுத்திருந்தேன். எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் சிக்னல் கிடையாது. இதற்காகவே வளைவு ரோட்டோரப் பாறை வரை நடந்து வருவார்.

"பேசினாத்தான் என்னப்பா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேச என்னடா இருக்கு? அடிச்சா ஆளு உசுரோட இருக்கேன்னு தெரியுமல்லோ."

மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை. இரண்டு ரிங்கில் நிற்கவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்த நான், வயசாகிறது, எண்ணிக்கை மறந்துவிட்டார் என்று கட் செய்தேன். மறுபடி வந்தது. கட் செய்தேன். மூன்றாம் தடவை எடுத்தேன். காற்று. அதற்குள் யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

"அப்பா?"

மூச்சு சற்று நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

பஸ் பிடித்து மேலே போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. லயத்தை மூடுபனி மூடியிருந்தது. அடுத்த வீட்டு அத்தை வாசலுக்கு வந்தார்.

"ஆபீசர் சார் சொல்லாம கொள்ளாம வந்திருக்காரு! பொண்ணு கிண்ணு பாத்தாச்சா?"

"அப்பா எங்க, அத்தை?"

"விடிய பாறைக்குப் போனாரு. அப்பிடியே டியூட்டிக்குப் போயிருப்பாரு. ஏன் மோனே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

பாறைப் பக்கம் இறங்கினேன். நீட்டிய கையின் விரல்கள் தெரியவில்லை. அவர் எண்ணுக்கு அடித்தேன். கீழே எங்கோ, அந்த வெள்ளைக்குள், அவருடைய ரிங்டோன் கேட்டது. ஓர் அடி வைத்தால் சத்தம் இடப்பக்கம் போனது. நின்றால் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அடங்கியதும் மறுபடி அடித்தேன்.

பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் அலறிக்கொண்டிருந்த போனைக் குனிந்து பார்த்தபடி இருந்தார். நிமிர்ந்தபோது, முகத்தில் பாதி மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

உயிர் தங்கியது. வலது கையும் பேச்சும் திரும்பவில்லை. இப்போது கரமனையில், என் பக்கத்து அறையில் இருக்கிறார். இரண்டு தடவை கட் செய்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். புரிந்ததா, தெரியாது.

இன்றும் ஆறு பத்துக்கு போன் அடிக்கிறது. இடது கட்டைவிரலுக்கு அந்தப் பொத்தான் மறக்கவில்லை. எடுக்கிறேன். சுவருக்கு அப்பால் அப்பா மூச்சு விடுவது கேட்கிறது. அரை நொடி பிந்தி அதே மூச்சு காதுக்குள் வருகிறது. இன்னொருவர் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்திருப்பது போல முதுகு சில்லிடும். ஆனாலும் வைப்பதில்லை.

"எழுந்துட்டேன்பா. இன்னும் பல்லு தேய்க்கல" என்கிறேன்.

காதுக்குள் மூச்சு சற்று நிற்கிறது. பிறகு மறுபடி தொடங்குகிறது.