மூன்று கதிரைக் கூட்டம்

சண்டைக் காலத்தில் திருகோணமலையில் என் மனைவியின் மார்புக் கட்டியைப் பார்த்தவர் ஒரு சத்திரசிகிச்சை டொக்டர். ஒல்லியான மனிதர், நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி. புற்றுநோய்க்கு மூன்று துறை நிபுணர்கள் கூடிப் பேசித்தான் வைத்தியம் தொடங்கவேண்டும் என்பார். மற்ற இருவரும் கொழும்பில், பாதையோ பூட்டு. ஆகவே துறைமுகம் தெரியும் அறையில் எங்கள் இருவர் முன்னே மூன்று கதிரை போட்டு, மூவருக்குமாகத் தானே பேசிக் கூட்டம் வைத்தார்.

முதல் கதிரையில் அமர்ந்து, "நாளைக்கே வெட்டுவம்" என்றார். எழும்பி, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, அடுத்ததில் அமர்ந்தார். "ஏலாது. கட்டி பெரிசு. முதல்ல மருந்து ஏத்திச் சுருக்கவேணும்." மூன்றாவதில், "பிறகு கதிர்ச்சிகிச்சையும் வேணும். இங்க மெசின் இல்லை."

"ஆர் டொக்டர் வெண்டது?" என்று கேட்டேன்.

"கத்திக்காரன் தோத்திட்டான்" என்றார், உண்மையாகவே முகம் வாடி. "பாதை திறந்த உடன கொழும்புக்குப் போங்கோ."

போனோம். அங்கே கதிரைக்கு ஒரு நிபுணர். நடுவில் இருந்த பெரியவர், "உடனே வெட்டுவம்" என்றார். எல்லாத் தலையும் ஆடின.

என் மனைவி மட்டும் கையை உயர்த்தினாள். "டொக்டர், ஒருக்கா மற்றக் கதிரையில மாறியிருந்து சொல்லுங்கோ பாப்பம்."