எஞ்சின் நின்ற கார்

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற என் மனைவியின் முழங்கால் இனி மோட்டார் சைக்கிள் ஓட்டத்தைத் தாங்காது என்று வவுனியா ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் நாங்கள் கார் வாங்குவதைப் பற்றி யோசித்தோம். கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த கால்நடை வைத்தியர், வெளிநாடு போவதால் தன்னுடைய ஹைபிரிட் காரை விற்கவிருந்தார். எனக்கு அந்தக் காரில் ஐமிச்சம். பெற்றோல் எஞ்சினும் மின்சார மோட்டரும் ஒன்றாக இருந்தால் பழுதும் இரட்டிப்பாக வரும் என்று நினைத்தேன்.

"டொக்டர், இதுக்கு வீட்டில சார்ஜ் போடவேணுமோ?" என்று கேட்டேன்.

"தேவையில்லை அண்ணை. பெற்றோல் அடிச்சால் போதும். மெதுவாப் போகேக்க மோட்டர் இழுக்கும். வேகம் எடுக்க எஞ்சினும் சேரும். பிரேக் பிடிக்கேக்க அதே மோட்டர் டைனமோவா மாறி பற்றரியை நிரப்பும்."

டைனமோ என்றதும் விளங்கிவிட்டது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். டைனமோவைச் சில்லில் அழுத்தினால் சைக்கிள் இறுகும். அந்த இறுக்கம்தான் இங்கே பிரேக்.

அவர் குறைகளையும் மறைக்கவில்லை. பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருந்தது. அதைக் குளிர வைக்கிற காற்றாடியில் எங்கள் கிரவல் வீதிப் புழுதி அடைத்தால் பற்றரியின் ஆயுள் குறையும். ரவுணில் நின்று நின்று ஓடினால் பெற்றோல் மிச்சம். வவுனியாவுக்கு ஒரே வேகத்தில் போனால் அவ்வளவு மிச்சம் வராது. கராஜில் கணினி பூட்டி பற்றரியைச் சோதித்தபோது ஒரு பிழையும் தெரியவில்லை. இனி ஓடிப் பார்ப்பதுதான் மிச்சம்.

நான் ஓட்டினேன். மனைவி பக்கத்தில் இருந்தாள். வைத்தியர் பின்னால் இருந்தார். புகையிரதக் கடவையில் தடை விழுந்திருந்தது. பிரேக்கை அழுத்தினேன். கார் நின்றதும் எஞ்சினும் நின்றது. ஒரு சத்தமும் இல்லை.

மனைவி சட்டென்று திரும்பிப் பின் சீற்றைப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லை ரீச்சர், பழுதில்லை. பிரேக்கில இருந்து காலை எடுத்தால் தானா ஓடும்," என்றார் வைத்தியர்.

அவள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். றெயில் போய், தடை தூக்கி, பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்த பிறகும் ஏறவில்லை. நான் காரை ஓரம் கட்டினேன். வைத்தியர் தன் கார் பிடிக்கவில்லையோ என்று என்னைப் பார்த்தார். எனக்குக் காரணம் தெரியும்.

யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில், ஜெயபுரத்திலிருந்து வெளிக்கிட்ட நாங்கள் இடம் இடமாக மாறிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் சாமான்களுக்கு நடுவில் மாமா, மனைவியின் தகப்பன், காய்ச்சலோடு படுத்திருந்தார். டீசலுக்குள் மண்ணெண்ணெய் கலந்திருந்தேன். நிற்பாட்டினால் திரும்ப ஸ்ராட் வராது என்ற பயத்தில், சனத்துக்குள் நெரிபட்டு நின்றபோதும் எஞ்சினை அணைக்கவில்லை. மனைவி பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி பின்னால் நடந்து வந்தாள். எண்ணெய் முடிந்து எஞ்சின் தானாக நின்றது. அந்த அமைதியில் அவள், "அப்பா, தண்ணி தரட்டோ?" என்று கேட்டாள். பதில் இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை. அவர் எந்த இடத்தில் போனார் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. எஞ்சின் இரைச்சலுக்குள் அது நடந்து முடிந்திருந்தது. வீதியோர மணலில்தான் புதைத்தோம்.

கடவையிலிருந்து வீட்டுக்கு அவள் நடந்தே வந்தாள், அந்த முழங்காலோடு. "வேண்டாமெண்டால் விடுவம். சாதாரணக் கார் ஒண்டு பாப்பம்," என்றேன். அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

இரண்டொரு நாளில் அவளாகவே, "இன்னொருக்கா ஓடிப் பாப்பமே?" என்று கேட்டாள்.

இந்த முறை அவள் பின் சீற்றில் ஏறினாள். இரணைமடுப் பக்கம் போனோம். நான் வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் எஞ்சின் அணைந்தது. கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். இரண்டு கையாலும் சீற்றை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள் கடைசியில். "வாங்குங்கோ. ஆனால் நான் முன்னுக்கு இருக்கமாட்டன்."

வாங்கிவிட்டோம். கிளினிக்குக்கு அதில்தான் போகிறோம். கார் நின்று சத்தம் அடங்கினால் அவள் பின்னாலிருந்து கதைக்கத் தொடங்குவாள். பள்ளிக்கூடத்துப் புதினம், மீன் விலை, வாய்க்கு வந்தது எதுவும். நான் "ஓம், ஓம்" என்றபடி கண்ணாடியைப் பார்ப்பேன். எஞ்சின் மறுபடி பிடித்ததும் பாதிச் சொல்லில் நிறுத்திவிடுவாள். மீதி என்னவென்று நான் கேட்பதில்லை.