சிவப்பு ஹெல்மெட்டின் தாய்

எங்கள் கட்டடத்து லோண்ட்ரி அறையில்தான் அவளைக் காண்பேன். கதிரையில் இருக்கவே மாட்டாள்; மெஷின்களைச் சுற்றி நடந்துகொண்டிருப்பாள். அன்று போனை என் கையில் திணித்தாள்.

"அன்ரி, மகன் கனடா ரீமில மோட்டச்சைக்கிள் ஓடுறான். உலகப் போட்டிக்குத் தெரிவுச் சுற்று, இதுதான் கடைசி ஓட்டம். இவன் தோத்தால் ரீமே வெளியில. மண் தடத்தில ஓடுற உந்த மோட்டச்சைக்கிளுக்கு பிரேக்கே வைக்கிறேல்லை, என்னாலை பாக்க ஏலாது. நீங்கள் பாருங்கோ, சிவப்பு ஹெல்மெட்."

போன் திரையில் மண் பறக்க நாலு பேர் மோட்டச்சைக்கிளில் வளைந்து ஓடினார்கள். சிவப்பு கடைசியாக வந்தது. எப்படிச் சொல்வதென்று கூசினேன்.

"விழுந்திட்டானோ?"

"இல்லைப் பிள்ளை. கடைசியாய் வந்தவன்."

"அப்பாடா, இனி வீட்டை வருவான்!" முதல்முறையாகக் கதிரையில் இருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அழுறானோ, அன்ரி?"

"ஹெல்மெட்டைக் கழட்டாமல் நிக்கிறான்."

அவள் எழுந்து திரும்பவும் நடக்கத் தொடங்கினாள்.