முதுகைப் பார்த்துக் கொடுத்த மீன்

1. விலாவில் ஒட்டிய வாய்

பொன்னேரியில் இருக்கும் என் வண்ணமீன் கடையைத் திறந்து, தொட்டிகளுக்கு இரை போட்டுக்கொண்டு வந்தேன். நாலாவது தொட்டியில் கோல்டு பிஷ் ஒன்று உடம்பை உதறிக்கொண்டே ஓடியது. குனிந்து பார்த்தால், அதன் விலாவில் விரல் நீள மீன் ஒன்று வாயை வைத்து ஒட்டியிருந்தது. கோல்டு பிஷ் எவ்வளவு உதறியும் அது விடவில்லை.

பாசி தின்னும் மீன் என்று நானே வாங்கி வந்ததில் மிச்சம் அது. அதே கூட்டத்தில் இரண்டை நாலு மாதத்துக்கு முன் காட்டூருக்குக் கொடுத்திருந்தேன். அந்த நினைப்பு வந்ததும் இரை டப்பா கையை விட்டு விழுந்தது.

காட்டூரில் ஏழுமலை என்று ஒரு நெல் விவசாயி. வாதம் அடித்து வலது கை தவிர மற்றதெல்லாம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. கட்டிலை ஒட்டி ஓர் இரும்பு ஸ்டாண்டு, அதன்மேல் தொட்டி. உள்ளே ஒரே ஒரு கோல்டு பிஷ். முன்பு வைத்திருந்த உழவு மாட்டின் பேரைச் சொல்லி அதையும் 'செவலை' என்றே கூப்பிட்டார்கள். இரை போட்டதும் செவலை மேலே வந்து வாயைத் திறந்தால்தான் அவரும் வாயைத் திறப்பார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி கோமளா சோறு ஊட்டிவிடும். கண்ணாடியில் பாசி ஏறி செவலை தெரியாமல் போகவே, அந்தம்மா என் கடைக்கு வந்தது.

"கண்ணாடிய தொடைக்கிற மாதிரி சின்ன மீனா குடுங்கண்ணே. கண்ணாடில ஒட்டிக்கிற பெரிய சக்கர் மீன் வேணாம், அது மூஞ்சப் பாத்தா அவரு பயப்புடுறாரு."

நான் கொடுத்ததும் சின்னதுதான்.

2. என் வாய்க்கொழுப்பு

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். பழவேற்காடு ஏரியில் வலை இழுத்த கை இது. இன்றைக்குப் பொன்னேரியிலிருந்து எளாவூர் வரை எந்த வீட்டில் தொட்டி இருந்தாலும் அதில் என் கை பட்ட மீன் ஒன்றாவது இருக்கும். பெரிய படிப்புப் படித்தவர்களே மீன் செத்துப்போனால் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பெருமைதான் என் காலை வாரியது.

மெட்ராஸ் மொத்தக் கடையில் ஒரு பிளாஸ்டிக் பேசின் நிறைய அந்தக் குஞ்சுகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். கடைக்காரன் முன்கூட்டியே சொன்னான்.

"நைனா, ரெண்டு ஜாதி கலந்து கெடக்குது. கண்ணாடில வுட்டு வாயப் பாத்து எடு."

"பழவேற்காட்டுக்காரனுக்கே மீன் காட்டுறியா நீ?" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றான். நான் மேலிருந்து பார்த்தே பொறுக்கினேன். ஏரிக்காரன் கண் அப்படித்தான். படகில் நின்று தண்ணீரைப் பார்க்கும்போது எங்களுக்குத் தெரிவது முதுகு மட்டும்தான். தண்ணீர் சிலிர்ப்பதை வைத்தே மடவைக் கூட்டம் என்று சொல்லிவிடுவோம். அந்தப் பேசினில் எல்லா முதுகும் ஒரே பழுப்பு நிறம்.

வித்தியாசம் பக்கவாட்டில் இருக்கிறது. நல்ல ஜாதிக்குப் பக்கத்துக் கறுப்புக் கோடு வால் நுனி வரைக்கும் ஓடும், வாய் சின்னது. மற்றதற்கு வாய் அடியில் வட்டமாக, உறிஞ்சி ஒட்டும் ரப்பர் மூடிபோல் இருக்கும். குஞ்சாக இருக்கும்போது இரண்டும் பாசி தின்னும். இந்த வட்ட வாய்க்காரன் வளர்ந்துவிட்டால் பாசியை விட்டுவிட்டு, மற்ற மீனின் மேல் இருக்கும் வழவழப்பை உறிஞ்ச ஆரம்பிப்பான். கோல்டு பிஷ் மாதிரி மந்தமான மீன்தான் அவனுக்கு வசதி. தோல் புண்ணாகிச் சாகும்.

3. டம்ளர் சத்தம்

கோமளாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பைக்கை எடுத்தேன். செவலை செத்திருந்தால் அந்த மனிதர் வாயைத் திறக்கமாட்டார். நான் கொன்றது ஒரு மீனை மட்டுமாக இருக்காது. வழியெல்லாம் இது ஒன்றுதான் மனதில் ஓடியது. புயலில் முகத்துவாரத்தைக் கடந்தவன் நான், அன்று காட்டூர் ரோட்டில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி மறுபடி போன் போட்டேன்.

அவர்கள் வாசலில் இறங்கும்போதே உள்ளே டங், டங் என்று சத்தம். ஏழுமலை ஸ்டீல் டம்ளரால் ஸ்டாண்டுக் காலைத் தட்டிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"மூணு நாளா இப்படித்தாண்ணே தட்டிக்கினே கீறாரு. தண்ணி கேக்குறாருனு குடுத்தா துப்புறாரு. சோறும் எறங்கல, தூக்கமும் இல்ல" என்றது கோமளா.

தொட்டி முன்னால் மண்டி போட்டேன். செவலை ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. ஒரு பக்கம் செதில் போய்ச் சிவந்திருந்தது. கல்லுக்குப் பின்னாலிருந்து அந்த இரண்டில் ஒன்று வந்து, புண்ணிலேயே வாயை வைத்தது.

டங்.

மீன் விட்டுவிட்டு ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தது.

டங்.

கதிர் முற்றின வயலில் குருவி விரட்டத் தகரம் தட்டுவார்களே, அந்தத் தட்டு.

"தங்கச்சி, அவரு தண்ணி கேக்கல. காவ காக்குறாரு."

கோமளா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் எல்லாருக்கும் முன்னால் அந்த மீன் செய்வதைப் பார்த்தவர் அவர்தான். அவர் ஒருவர்தான் மீனைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டையும் பிடிப்பதற்குள் கைவலை நாலு தடவை நழுவியது. தண்ணீரில் கால் பங்கு மாற்றினேன். ஏரித் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று நாக்கு வைத்தே சொல்கிறவன், அன்று என் நாக்கை நான் நம்பவில்லை. சமையல்கட்டிலிருந்து ஸ்பூன் வாங்கி, புண் ஆறுவதற்குக் கல்லுப்பை அளந்து கரைத்தேன்.

"பொழைக்குமாண்ணே?" என்று கோமளா அவர் காதில் விழாமல் கேட்டது.

இரை போட்டுப் பார்த்தோம். செவலை அசையவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை கோமளாவின் போன் வந்தது. எடுக்கப் பயந்து ஒருமுறை அடிக்க விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை எடுத்தேன்.

"மேல வந்துச்சுண்ணே. அவருக்கு ஒரு உருண்ட எறங்குச்சு."

இப்போது யார் பாசி மீன் கேட்டாலும், தொட்டியில் வேறு என்ன மீன் இருக்கிறது, பாசி தீர்ந்தால் இது எதைத் தின்னும் என்று கேட்காமல் கொடுப்பதில்லை. சின்ன மீன்கள் மட்டும் இருக்கும் தொட்டி என்றால் ஓட்டோ என்கிற குட்டிப் பாசி மீன் கொடுக்கலாம், நாலைந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும். கோல்டு பிஷ்ஷோடு விட்டால் கோல்டு பிஷ் அதை விழுங்கப் பார்க்கும், அதன் முள் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். எந்த மீனையும் கண்ணாடி முன்னால் மண்டி போட்டு, வாயைப் பார்த்துத்தான் எடுக்கிறேன். "இன்னா பெருசு, மீனுக்கு நமாஸா?" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

செவலையின் தொட்டிக்கு எந்தப் பாசி மீனும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். கண்ணாடியை நானே வாரம் ஒருமுறை போய்த் துடைப்பதாகச் சொன்னேன். முதல் வாரம் வாசற்படியில் கால் வைத்ததும் உள்ளே டங் என்றது. இன்னொரு அடி வைத்தேன். டங், டங்.

இந்தத் தடவை குருவி நான்தான்.

மீன் எதுவும் கொண்டுவரவில்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். உள்ளங்கையைப் பார்த்தார், புறங்கையைத் திருப்பச் சொல்லிச் சாடை காட்டினார், அதையும் பார்த்தார். அப்புறம்தான் டம்ளரைக் கீழே வைத்தார்.